செவ்வாய்க்கிழமைப் பல்

முதலில் குழாய்ச் சத்தம். கிர்ரென்று ஒரு திருகல், உள்ளே காற்று இரண்டு முறை இருமுகிறது, பிறகு வாஷ்பேசினில் தண்ணீர் விழுகிறது. கண்ணின் மேல் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு கிடக்கிறேன்; இந்த நேரத்தில் வீடு எனக்கு வெறும் சத்தம். இருபத்தெட்டு வருஷமாக ராத்திரி வேலை. முதலில் நூல் மில், அது மூடினபின் ஆஸ்பத்திரி ரத்த வங்கி. ஆக இருபத்தெட்டு வருஷமாகப் பகல் என்பது துண்டுக்கு அந்தப் பக்கம் நடக்கிற ஏதோ ஒன்று. மீன்காரர் ஹாரன், மாடிவீட்டுக் குக்கர், எதிர்வீட்டு டிவியில் யாரோ அழுகிறாள். இதெல்லாம் என்னை எழுப்புவதில்லை. குழாய் எழுப்பிவிட்டது, அல்லது நான் தூங்கவே இல்லை. மகள் துப்புவாளா? துப்பக் கூடாது என்று பல் டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். துப்பினால் கட்டின ரத்தம் பெயர்ந்துகொண்டு வந்துவிடும், எச்சில் ஊறினா முழுங்கிரும்மா, பஞ்சை நல்லாக் கடிச்சிக்கிட்டே இரு, முக்கால் மணி நேரம், வாயைத் திறந்து கதை பேசக் கூடாது. "இவ வாயை மூட பல்லைத்தான் புடுங்கணும்னு முன்னாடியே தெரியாமப் போச்சே," என்றேன். டாக்டர் சிரித்தார், சிந்து முறைத்தாள். கடைவாயின் கடைசிப் பல், கீழே இடது பக்கம், பாதி முளைத்துப் பாதி ஈறுக்குள் சாய்ந்து படுத்துக்கொண்டு மூன்று மாதமாகத் தொல்லை. பஞ்சு வைத்தது பதினொன்று பத்துக்கு. கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். ஆட்டோவில் வந்து இறங்கும்போது பதினொன்றரை ஆகப் பத்து நிமிஷம் இருந்தது. வந்ததும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, நேற்றே ஊறப்போட்ட மொச்சையில் கால்வாசி பிதுக்கினேன், மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டு வந்து படுத்தேன். குழாய் நிற்கிறது. துப்பின சத்தம் இல்லை. முகம் கழுவியிருப்பாள். வெறுங்கால் அவள் அறைக்குப் போகிறது, கட்டில் ஒரு தடவை முனகுகிறது. இதுவரைக்கும் சரி.

குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத நோய் உண்டா? கிளினிக்கில் கொடுத்த தாளில் பதினோராவது கேள்வி அது. சர்க்கரை, பிரஷர், வலிப்பு, ஆஸ்துமா என்று எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று டிக் அடித்துக்கொண்டே வந்தவள், அங்கே வந்ததும் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "இல்லதானப்பா?" என்றாள். "ம்," என்றேன். அந்த ம்-மை இப்போது எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். ஆமாம், இல்லைதான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், கொஞ்சம் பொறு என்றும் எடுத்துக்கொண்டிருக்கலாம். ஒரு ம்-முக்கு இத்தனை இடம் இருக்கும்போது நான் பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது. ருக்மணி அக்காவுக்கும் ஒரு பல் பிடுங்கினார்கள். அவளுக்குப் பத்தொன்பது, எனக்குப் பதின்மூன்று. பிடுங்கினவர் ஊரில் நல்ல பேர் வாங்கினவர், அவர் மேல் தப்பில்லை. மூன்று நாள் ரத்தம். பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பு, அதில் அடுப்புச் சாம்பல், அக்கா துப்பத் துப்பச் சாம்பல் கறுத்துக் கட்டியானது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றித்தான் நின்றது. டெஸ்ட் எல்லாம் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது, உடம்புச்சூடு என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்துத் தலைப்பிரசவம். பையன் பிழைத்தான், கரூரில் அவன் அப்பா வீட்டோடு இருக்கிறான். அக்கா விடிவதற்குள் போய்விட்டாள். கட்டிலுக்கு அடியில் இருந்த வாளியை நான் பார்த்தேன். அம்மா வெளியே வந்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, நின்றவர்களிடம் "ஜன்னி கண்டுருச்சு" என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் பதினாறாம் நாள் என்னிடம் மட்டும் சொன்னாள்: "ரத்தம் நிக்காத வீடுன்னு பேராச்சுன்னா நாளைக்கு நம்ம வாசல்ல ஒரு பய ஏற மாட்டான்டா. உனக்கும் பொண்ணு கிடைக்காது. ஜன்னின்னா ஜன்னிதான்." பொண்ணு கிடைத்தது. அம்மா, அப்பாவுக்குச் சொந்த அக்கா மகள். எனக்குக் கட்டிவைத்த கோமதி, அம்மாவின் தம்பி மகள். எங்கள் வீட்டுக் கல்யாணங்களைத் தாளில் கோடு போட்டுப் பார்த்திருக்கிறேன், ஒரு கோடுகூட வெளியே போகாது, சுற்றிச் சுற்றி வீட்டுக்குள்ளேயே வந்து முட்டும். இப்போது கோமதி தன் அண்ணன் மகனைச் சிந்துவுக்குப் பார்த்துவைத்திருக்கிறாள். திருப்பூரில் கட்டிங் மாஸ்டர், குணமான பையன். தை பிறந்ததும் பேச வேண்டும் என்கிறாள்.

ரத்த வங்கியில் எனக்கு அட்டெண்டர் வேலைதான். பையை எடுத்துக் கொடுப்பது, ஃபிரிட்ஜ் சூட்டை எழுதுவது, தட்டணு, அதாவது பிளேட்லெட் இருக்கிற பெட்டி ஆடுவது நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது. சிவப்பணுவைக் குளிரில் வைத்துவிட்டுப் போய்விடலாம். தட்டணுவை அப்படி விட முடியாது, இருபத்திரண்டு டிகிரியில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிச் செத்துப்போகும். தட்டுகள் இடமும் வலமும் போய்வருகிற அந்தச் சத்தம், டக் சலக், டக் சலக், என் பதினோரு வருஷம் அதுதான். பையை விளக்குக்கு நேரே பிடித்து லேசாக அசைத்தால் உள்ளே பீடிப்புகை மாதிரி ஒரு சுழல் ஓடும். சுழல் இருந்தால் உயிரோடு இருக்கிறது. ராத்திரி அதைப் பார்த்துப் பார்த்துத்தான், இதுகள் எப்படி ரத்தத்தை நிறுத்துகின்றன என்று கேட்கத் தோன்றியது. டாக்டர்கள் பிரிண்ட் எடுத்துப் போட்டுவிட்டுப் போகிற தாள்களை எடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் என்று படித்தேன். செல்லின் தோல் என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு. மேலடுக்கில் ஒரு வகைக் கொழுப்பு, உள்ளடுக்கில் வேறு வகை. தானாக விட்டால் கலந்துபோகும், ஆனால் கலப்பதில்லை, ஏனென்றால் தோலிலேயே ஒரு புரதம் உட்கார்ந்துகொண்டு, வெளியே தப்பி வந்த உள்ளடுக்குக் கொழுப்பை ஒவ்வொன்றாகப் பிடித்து மறுபடி உள்ளே தள்ளுகிறது. பகல் ராத்திரி கிடையாது, உயிர் இருக்கிறவரைக்கும் அதற்கு டூட்டி. இன்னொரு ரகம் உள்ளே இருப்பதை வெளியே தள்ளும். மூன்றாவது ரகம் சும்மா கிடக்கும். காயம் பட்டால்தான் அதற்கு வேலை. திறந்துகொண்டு இரண்டு அடுக்கையும் ஒரேயடியாகக் கலக்கிவிடும். உள்ளே மறைத்து வைத்திருந்த கொழுப்பு வெளியே வந்து நின்றால்தான் அதன் மேல் உறைகிற சாமான்கள் வந்து உட்காரும், ரத்தம் கட்டும். ஆஸ்பத்திரி எதிரே பரோட்டாக் கடையில் முட்டையை அடித்துக் கல்லில் ஊற்றி ஒரு சுழற்று சுழற்றி வேகாமலே இலையில் போடுவார்களே, கலக்கி என்று, அதைத் தின்றுகொண்டிருக்கும்போது இந்தப் புரதத்துக்கும் அந்தப் பெயரையே வைத்தேன். உள்தள்ளி, வெளித்தள்ளி, கலக்கி. பெயர் வைத்தபின் அவை எனக்குத் தெரிந்த ஆட்கள் மாதிரி ஆகிவிட்டன. பிறகு ஒரு தாளில், சில குடும்பங்களில் கலக்கி திறப்பதில்லை என்று வாசித்தேன். தட்டணு எண்ணிக்கை சரி, வழக்கமான டெஸ்ட் எல்லாம் சரி, ஆனால் பல் பிடுங்கினால் நிற்காது, பிரசவமானால் நிற்காது. அந்த இடத்தில் அகராதி தேவைப்படவில்லை. சொந்தத்தில் கட்டிக்கொள்கிற வீடுகளில் பார்க்கலாம் என்றும் இருந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய் நாலு மணிச் சூட்டை எழுதினேன். இருபத்திரண்டு. சரியாக இருந்தது.

இப்போது அவள் அறையில் ஒன்றும் கேட்கவில்லை. தூங்கிவிட்டாளா? தூங்கினால் பஞ்சை விட்டுவிடுவாள், வாய் தளரும், ரத்தம் தொண்டைக்குள் போகும், முழுங்கிக்கொண்டே தூங்குவாள், தெரியவே தெரியாது. எழுந்து போய்ப் பார்க்கலாம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்த்தால் ஏன் என்று கேட்பாள். லேப் டாக்டரம்மாவிடம் ஒரு தடவை சொன்னேன். நல்லவர். உட்காரச் சொல்லி, முழுக்கக் கேட்டார். "சந்தானம், இது உலகத்துலயே விரல்விட்டு எண்ணுற குடும்பங்கள்ல இருக்கிற விஷயம். உங்க அக்கா போன காலத்துல அப்படிப் போன பொம்பளைங்க எத்தனை பேரு. எல்லாருக்கும் இதுதான்னு சொல்ல முடியுமா?" முடியாதுதான். "பொண்ணுக்கு டெஸ்ட் எடுத்தீங்களா?" எடுத்தேன். எல்லாம் சரி. "அப்புறம் என்ன?" அக்காவுக்கும் எல்லாம் சரியாகத்தானே மேடம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. சரியாக இருப்பதுதான் பயம் என்று ஒரு அட்டெண்டர் எப்படிச் சொல்வது. இதைக் கண்டுபிடிக்கிற மிஷின் ரொம்பத் தூரத்தில் ஒரு பெரிய ஊரில் இருக்கிறது, ஆளையே கூட்டிக்கொண்டு போக வேண்டும், பையில் போட்டு அனுப்பினால் தட்டணு வழியிலேயே கெட்டுவிடும். கூட்டிக்கொண்டு போனால் எதற்கு என்று சொல்ல வேண்டும். அன்றோடு எனக்கு சயின்டிஸ்ட் என்று பேர் விழுந்தது, யார் சொல்லி யாருக்குப் போனதோ. "என்ன சயின்டிஸ்ட்டு, இன்னைக்கு யாருக்கு என்ன வியாதி?" என்று லிஃப்ட்காரர்கூடக் கேட்பார். "உனக்குத்தான், வாய் நீளுற வியாதி," என்பேன். சிரிப்போம். ஆனால் இன்று காலை அந்தப் பல் டாக்டர் முன்னால் வாயைத் திறக்கப் போனேன், அவர் தாளை வாங்கிப் பார்த்து "குட், ஒண்ணும் இல்ல" என்றார், எனக்கு லிஃப்ட்காரரின் முகம் ஞாபகம் வந்தது. அதனால்தான் சொல்லவில்லை. சிரிப்புக்குப் பயந்து. அது மட்டும்தானா?

போன் அதிர்கிறது. துண்டை எடுக்காமலே தடவி எடுக்கிறேன். கோமதி, சத்துணவுக் கூடத்திலிருந்து. பின்னால் தட்டுகள் கழுவுகிற இரைச்சல். "மச்சான், தூங்குறீங்களா?" "தூங்கிட்டே பேசுறேன்." "ரத்தம் நின்னுச்சா?" "கடிச்சிக்கிட்டு இருக்கா." "அவளைப் பேச விடாதீங்க. நீங்களும் பேச்சுக் குடுக்காதீங்க." தட்டுச் சத்தத்துக்கு நடுவே யாரையோ அதட்டுகிறாள். பிறகு, "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், செவ்வாக்கிழமை யாராவது ரத்தம் சிந்துற வேலை வைப்பாங்களா? நகம்கூட வெட்டமாட்டோம். வியாழக்கிழமை போனா அந்தப் பல்லு ஓடியா போயிரும்? ஒத்தக்கால்ல நின்னீங்க." "டாக்டர் செவ்வாக்கிழமைதான்னாரு." "அவரு எப்பன்னாலும் வாங்கன்னாருன்னு சிந்து சொன்னாளே." "சரி, தட்டைக் கழுவு," என்கிறேன். வைத்துவிடுகிறாள். செவ்வாய்க்கிழமை ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை காலேஜில் ரத்த தான முகாம். அன்றைக்குப் பிரித்த தட்டணு திங்கள் டெஸ்ட் முடிந்து தட்டில் ஏறும். செவ்வாய் என்றால் இரண்டு நாள் வயசு, நல்ல வீரியம். வியாழன் என்றால் தட்டு காலியாகிவிடும். கலக்கி திறக்காதவளுக்கு ஒரே வழி அடுத்தவர் தட்டணு. அவள் குரூப்பான பி பாசிட்டிவ் நாலு பை வந்தது. இரண்டு பைகளை விளக்கில் பிடித்துச் சுழல் பார்த்து, கடைசித் தட்டில் பின்பக்கமாகத் தள்ளி, ரிசர்வ் என்று ஒரு சீட்டை ஒட்டினேன். பேர் எழுதவில்லை. இப்படிச் செய்யக் கூடாது. பதினோரு வருஷத்தில் செய்ததில்லை. ஆக, நான் எல்லாம் யோசித்திருக்கிறேன். தேதியை யோசித்தேன், குரூப்பை யோசித்தேன், ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிஷம் என்று யோசித்தேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்வதைத் தவிர எல்லாம். சொல்லியிருந்தால் அவள் பல்லைப் பிடுங்கியிருக்க மாட்டாள். பிடுங்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. இந்த இடத்தில் வந்ததும் புத்தி ஒதுங்குகிறது, மறுபடி குழாய்க்குப் போகிறது, குக்கருக்குப் போகிறது, நான் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. தை வருவதற்குள். பெரிய ஊர் மிஷினுக்குப் பதிலாக ஒரு பல். மகளின் வாயில் டெஸ்ட் எடுத்திருக்கிறேன். லேப் டாக்டரம்மாகூட இந்த அளவுக்கு அமைதியாக எடுக்கமாட்டார்.

மறுபடி போன். இந்தத் தடவை ரோஸ்லின், பகல் டூட்டி டெக்னீஷியன். டக் சலக், டக் சலக் என்று பெட்டிச் சத்தம் அவள் குரலுக்கு முன்னால் வருகிறது. "அண்ணே, எழுப்பிட்டேனா?" "சொல்லும்மா." "கடைசித் தட்டுல பி பாசிட்டிவ் ரெண்டு பை ரிசர்வ்னு ஒட்டிக் கிடக்கு, உங்க கையெழுத்து. பேரும் இல்ல, ஃபாரமும் இல்ல. யாருக்குண்ணே?" போனை மறு காதுக்கு மாற்றுகிறேன். "லைன்ல இருக்கீங்களா? ஐசியுல டெங்கு கேஸ் ஒண்ணு, எட்டு வயசுப் பிள்ளை, மூக்குல ஒழுகுது. மத்ததெல்லாம் காலைலயே போயிருச்சு. மேடம் கேக்குறாங்க. நான் உங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன், மாட்டிவிடாதீங்க." மணி என்ன? துண்டை எடுக்கிறேன். வெளிச்சம் கண்ணில் குத்துகிறது. சுவரில் பதினொன்று ஐம்பது. இன்னும் ஐந்து நிமிஷம். ஐந்து நிமிஷம் கழித்துக் கூப்பிடுறேன்மா என்று சொல்லலாம். ஐந்து நிமிஷம் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு, கட்டியிருந்தால் கொடு, கட்டவில்லை என்றால்... கட்டவில்லை என்றால் என்ன சொல்வேன்? எட்டு வயசு. மூக்கில் ஒழுகுவது எனக்குத் தெரியும், எப்படி ஒழுகும் என்று தெரியும், அந்த அம்மா எந்தச் சேலைத் தலைப்பை வைத்து அழுத்திக்கொண்டு நிற்பாள் என்பதுகூடத் தெரிகிற மாதிரி இருக்கிறது. "அண்ணே?" "யாருக்கும் இல்ல ரோஸ்லின்," என்கிறேன். "சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டுக் குடுத்துரு. சுழல் ரெண்டுலயும் நல்லா இருக்கு, நான் பார்த்தேன்." "சரிண்ணே. தூங்குங்க." பெட்டிச் சத்தம் அறுந்துபோகிறது. என் குரல் நன்றாகத்தான் இருந்தது. பஞ்சைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன் என்பது சொன்னபின்தான் உறைக்கிறது. இப்போது தட்டில் எதுவும் இல்லை. மறைத்து வைப்பதற்கு என்னிடம் ஒன்றுதான் மிச்சம்.

சிந்து கட்டிலில் தூங்கவில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, இடது கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கி, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் சீட்டைத் திருப்பிக் காட்டுகிறாள். தூங்காமல் ஏன் பேய் மாதிரி அலைகிறாய். நான் எப்போது அலைந்தேன், கட்டிலில்தானே கிடந்தேன். கீழே இன்னொரு வரி: அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன், நீ டாக்டர் மேல் பழி போட்டாயாமே. "வாயைத் திற," என்கிறேன். "உம்?" "மணி ஆயிருச்சு. பஞ்சை எடு." இரண்டு விரலால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்கிறாள். வெளிர்ச் சிவப்பு, பாதிக்கு மேல் எச்சில். போன் வெளிச்சத்தைப் போட்டு உள்ளே பார்க்கிறேன். பல் இருந்த குழியில் கறுப்பாக, நாவல்பழத் தோல் மாதிரி ஒன்று, பளபளவென்று, அசையாமல். ஓரத்தில் ஒழுக்கு இல்லை. "கட்டியிருக்கு," என்கிறேன். "ஏன்பா இப்படி உத்துப் பாக்குற?" மரத்த உதட்டில் வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு வருகின்றன. "தூக்கம்." கட்டியிருக்கிறது. அவளுக்குள் கலக்கி திறந்திருக்கிறது. அல்லது இன்றைக்கு மட்டும் கட்டியிருக்கிறது. அக்காவுக்கு முதல் நாள் மத்தியானம் எப்படி இருந்தது? யோசிக்கிறேன். சாம்பல் செம்பு ஞாபகம் இருக்கிறது, அது முதல் நாளா இரண்டாம் நாளா என்று ஞாபகம் இல்லை. முதல் நாள் அவள் எழுந்து எனக்குச் சோறு போட்டாள் என்று ஒரு ஞாபகம் இருக்கிறது, அது வேறு ஏதோ நாளாகவும் இருக்கலாம். தெரிந்துகொள்ள இந்தப் பல் போதாது. எந்தப் பல்லும் போதாது. கட்டிவிட்டதே, இனிமேல் எதற்கு என்று போய்ப் படுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கப் போவதில்லை. அவள் டாக்டர் கொடுத்த இரண்டாவது பஞ்சை உருட்டிக் குழியில் வைத்துக் கடிக்கிறாள், இன்னும் அரை மணி நேரம், பிறகு பேனாவை எடுத்து எழுதி என் பக்கம் நீட்டுகிறாள். ஏன் செவ்வாய்?

அடுக்களையில் மொச்சை அண்டா நான் விட்ட இடத்திலேயே இருக்கிறது. தரையில் உட்காருகிறேன். சீட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவளும் வந்து எதிரே சம்மணம் போட்டு உட்காருகிறாள், கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு. பேச முடியாதவள் முன்னால் பேசுவது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன், அப்படி இல்லை. "உங்க ருக்மணி அத்தைக்கு வந்தது ஜன்னி இல்ல சிந்து," என்கிறேன். அவள் புருவம் ஏறுகிறது. போட்டோவில் மட்டும் பார்த்த அத்தை. "அவளுக்கும் ஒரு பல்லு புடுங்கினாங்க. அதுல இருந்து சொல்லணும். முழுக்கக் கேட்டுட்டு என்னைத் திட்டு. திருப்பூர் விஷயத்தை அதுக்கப்புறம் நீயே அம்மாகிட்டப் பேசு." அவள் சீட்டில் எதையோ எழுதப் போய், எழுதாமல் பேனாவை மூடிக் கீழே வைக்கிறாள். எனக்கு நேரே பார்க்கிறாள். தண்ணீரில் கைவிட்டு ஒரு மொச்சையை எடுத்து நுனியில் அழுத்துகிறேன். பருப்பு நழுவிக் கிண்ணத்தில் விழுகிறது, தோல் விரலில் நிற்கிறது. "அப்ப எனக்குப் பதின்மூணு வயசு," என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுக்கிறேன்.